விலை இறங்கிய 3018 சிஎன்சி ரவுட்டர், வாங்கலாமா?

விலை இறங்கியிருக்கிறது என்று லிங்க் அனுப்பி, "இப்ப வாங்கலாமாங்க?" என்று கேட்டிருந்தார் நண்பர். கணினி சொல்கிறபடி, சுழலும் பிட்டால் மரத்தைச் செதுக்கும் சின்ன மெஷின் இது. என்னிடம் இருப்பதும் அதே 3018 ரகம்தான். 300க்கு 180 மில்லிமீட்டர் வேலைப் பரப்பு, பிட்டைச் சுழற்றும் 775 மோட்டார், பிட்டைப் பிடிக்கும் இஆர்11 காலெட், மெஷினை ஓட்டும் ஜிஆர்பிஎல் மென்பொருள் உள்ள போர்டு, இதெல்லாம் அவருக்கே தெரியும். விளம்பரத்தில் வராத விஷயம் யூஎஸ்பி கேபிள். என் கோபம் எல்லாம் அதன் மேல்தான்.

வேலை முக்கால்வாசி முடிந்திருக்கும்போது லேப்டாப்புக்கும் மெஷினுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். ஜிஆர்பிஎல் முழுக் கோப்பையும் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை, லேப்டாப் வரிவரியாக அனுப்ப அனுப்பத்தான் ஓடும், அதனால் தொடர்பு போனதும் கையில் இருக்கிற சில வரிகளை முடித்துவிட்டு அப்படியே நின்றுவிடும். நிற்பது அச்சுகள் மட்டும். பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலை நிறுத்தச் சொல்லும் கட்டளை வந்து சேராததால் பிட் மரத்துக்குள் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும், அந்த இடம் கருகிப் புகைய ஆரம்பிக்கும். பக்கத்தில் ஆள் இல்லாமல் இதை ஓடவிடக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். மறுபடி இணைத்தால் போர்டு ரீசெட் ஆகும், நின்ற இடத்தையே பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொள்ளும். அச்சின் எல்லையைக் காட்டும் லிமிட் சுவிட்ச் இருந்தால் ஹோமிங் செய்து, அதாவது மெஷினை அந்த எல்லைவரை ஓட்டிப் பார்த்து, பழைய இடத்தைப் பிடித்துவிடலாம். அடிப்படை மாடலில் அது கிடையாது. தேக்குப் பலகை போனது போனதுதான்.

காரணம் மின்காந்த இரைச்சல். 775 பிரஷ் மோட்டார், உள்ளே பொறி பறந்துகொண்டே இருக்கும். கூடவே வாக்குவம் கிளீனர் ஓடினால் பிளாஸ்டிக் குழாயில் மரத்தூள் உரசி நிலைமின்சாரம் சேரும், அது மெஷின் சட்டத்தில் பட்டென்று இறங்கும் நொடியில் யூஎஸ்பி போய்விடும். இதற்கு நான் செய்தவை: கூடவே வந்த கேபிளைத் தூக்கிப் போட்டுவிட்டு குட்டையான, ஷீல்டு உள்ள கேபிள், அதன் இரண்டு முனையிலும் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம், மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர். வாக்குவம் குழாயில் வெறும் செம்புக் கம்பியைச் சுற்றி, அதையும் அலுமினியச் சட்டத்தையும் ஒழுங்காக எர்த் செய்தேன். பெரிய மாற்றம் எர்த் செய்த பிறகுதான் தெரிந்தது. இவ்வளவும் செய்து இப்போது எப்போதாவதுதான் அறுகிறது, ஆனால் அந்த எப்போதாவது, நல்ல பலகை மாட்டியிருக்கும் நாளில் வந்தால் எரிச்சலாகத்தான் இருக்கிறது. சில நூறு ரூபாய் செலவில் தயாரிப்பவரே முடித்திருக்க வேண்டிய வேலை இது.

ஆஃப்லைன் கன்ட்ரோலர் வாங்கிவிட்டால் பாதித் தொல்லை போய்விடும். மெமரி கார்டிலிருந்து நேராக ஓடும், லேப்டாப்பே வேண்டாம். மின்வெட்டுக்கு மட்டும் அதுவும் உதவாது, கரண்ட் போனால் இடம் தொலைந்ததுதான்.

பட்ஜெட் விஷயத்துக்கு வருகிறேன். லிங்கில் இருக்கும் விலையைப் போல இன்னொரு மடங்கை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் யோசிக்க வேண்டும். பெட்டியோடு வரும், 'V' வடிவ நுனியுள்ள வி-பிட்டுகள் பழகுவதற்கு மட்டும். 3.175 மில்லிமீட்டர் தண்டுள்ள நல்ல கார்பைடு பிட்டுகள் சில, கிளாம்புகள், அடியில் போட எம்டிஎஃப் என்ற அழுத்திய மரநார்ப் பலகை, லிமிட் சுவிட்ச், வாக்குவம், அதற்கு முன்னால் தூளைப் பிடிக்க ஒரு சைக்ளோன் டப்பா. மாஸ்க்கில் கஞ்சத்தனம் வேண்டாம், எம்டிஎஃப் தூள் மாவு போல மெல்லியது, நேராக நுரையீரலுக்குப் போகும். பிட் உடையும் என்று பயந்து ரொம்ப மெதுவாக ஓட்டுபவர்களும் காசை வீணாக்குகிறார்கள். நிமிடத்துக்கு 10,000 சுற்று சுழலும், இரண்டு வெட்டுமுனை உள்ள பிட்டை நிமிடத்துக்கு 600 மில்லிமீட்டர் வேகத்தில் தள்ளினால் ஒவ்வொரு முனையும் 0.03 மில்லிமீட்டர் சீவும். அதைவிட ரொம்பக் குறைந்தால் பிட் வெட்டாமல் தேய்க்கும், சூடாகும், மழுங்கும். சாஃப்ட்வேருக்குச் செலவே இல்லை: வரைய இங்க்ஸ்கேப், ஃப்ரீகேட், மெஷினுக்கு அனுப்ப கேண்டில் அல்லது யூஜிஎஸ். அலுமினியம் வெட்ட ஆசைப்பட்டு வாங்குவதாக இருந்தால் வேண்டாம், இந்தச் சட்டத்துக்கு அந்த விறைப்பு இல்லை.

திட்டி முடித்தாயிற்று, சந்தோஷத்தையும் சொல்லிவிடுகிறேன். தமிழ் எழுத்தை மரத்தில் செதுக்குவதில் இது கொடுக்கும் அழகை நான் எதிர்பார்க்கவே இல்லை. வி-பிட்டால் செதுக்கும் வி-கார்விங்கில் கோடு அகலமாகும் இடத்தில் பிட் ஆழமாக இறங்கும், குறுகும் இடத்தில் மேலே ஏறும், அதனால் 'ஞ'வின் சுழியும் 'ழு'வின் வளைவும் உளியால் வெட்டியது போலக் கூர்மையாக முடியும். ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். பல செதுக்கல் மென்பொருள்களில் தமிழை நேராக அடித்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இங்க்ஸ்கேப்பில் அடித்து, எழுத்தைப் பாதையாக (வெறும் கோட்டு வடிவமாக) மாற்றி, டிஎக்ஸ்எஃப் கோப்பாக எஃப்-என்கிரேவ் என்ற செதுக்கல் மென்பொருளுக்குக் கொண்டு போனால் எல்லாம் சரியாக வரும். மரவாடியில் ஒதுக்கிப் போட்ட துண்டுத் தேக்கில் பக்கத்து வீட்டுக்குப் பெயர்ப் பலகை செய்து கொடுத்தேன். அந்தத் தெருவில் அவ்வளவு அழகான பலகை வேறு இல்லை.

சரி, வாங்கலாமா? விலை இறங்கியதற்காக வாங்காதீர்கள். அதே பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, லிமிட் சுவிட்சும் மெமரி கார்டு வசதியும் விறைப்பான சட்டமும் உள்ள அடுத்த அளவை எடுங்கள். என்னுடையதை விற்பீர்களா என்றும் கேட்டிருந்தார். அது முடியாது, கொடுக்க மாட்டேன். அடுத்து ஒரு வேங்கைப் பலகை காத்திருக்கிறது.