ஈயம், துத்தநாகம், வெள்ளி: மூன்று வகைப் படிவுகளில் எது எதில் தேறும்?

ஈயமும் துத்தநாகமும் பெரும்பாலும் சேர்ந்தே கிடைப்பதற்குக் காரணம், சூடான உப்பு நீரில் இரண்டும் குளோரைடோடு சேர்ந்து சுலபமாகக் கரைவதுதான். வழியில் சல்பைடு (கந்தகத்தின் ஒரு வடிவம்) கிடைத்தால் ஈயம் கலீனா என்ற தாதுவாகவும், துத்தநாகம் ஸ்பேலரைட் என்ற தாதுவாகவும் படிந்துவிடும். அதனால் படிவுகளை ஒப்பிடும்போது வெப்பநிலையையோ வயதையோ விட, உலோகம் எங்கே, எதனால் நீரைவிட்டு இறங்கியது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

முதலில் செடெக்ஸ் வகை. பிளவுகள் வழியே ஏறிவந்த உப்பு நீர், பழங்காலக் கடலடியில் ஆக்சிஜன் இல்லாத சேற்றைச் சந்திக்கிறது. அங்கே சல்பைடு தாராளம். ஷேல் (சேறு இறுகி உருவான) பாறையின் அடுக்குகளுக்கு நடுவே தாதுவும் அடுக்காகவே கிடக்கும். (கடலடியிலேயே படிந்ததா, சேறு புதைந்த பிறகு உள்ளே புகுந்ததா என்ற சண்டை பல இடங்களில் இன்னும் ஓயவில்லை.) அளவில் இதை மிஞ்சுவது கடினம்: அலாஸ்காவின் ரெட் டாக், ஆஸ்திரேலியாவின் மவுண்ட் ஐசா எல்லாம் இந்தக் கூட்டம். ஆனால் தாதுத் துகள் மிகமிக நுண்மையாக இருந்தால் தலைவலிதான். ஆஸ்திரேலியாவின் மெக்ஆர்தர் ரிவர் படிவு 1955-லேயே தெரியவந்தும், சுரங்கம் தொடங்கியது 1995-ல். கலீனாவும் ஸ்பேலரைட்டும் அங்கே சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் பின்னிக் கிடப்பதால், அரைத்துப் பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ராஜஸ்தானின் ராம்புரா ஆகுச்சாவுக்கு அந்தத் தொல்லை குறைவு. பிற்காலத்தில் பூமிக்குள் பட்ட வெப்பமும் அழுத்தமும் துகள்களைப் பெரிதாக வளர்த்துவிட்டன.

அடுத்தது மிசிசிப்பி பள்ளத்தாக்கு வகை. எரிமலையும் இல்லை, மாக்மாவும் இல்லை. மலைத்தொடர் எழும்போது படுகையிலிருந்து தள்ளப்பட்ட உப்பு நீர், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நகர்ந்து சுண்ணாம்புக்கல், டோலமைட் பாறைகளின் பொந்துகளில் தாதுவை நிரப்புகிறது. வெப்பம் சுமார் 75 முதல் 200 டிகிரி செல்சியஸ்தான். கைக்கு எடுத்துப் பார்க்கச் சுகமான வகை இதுதான். ஸ்பேலரைட்டில் இரும்பு குறைவாக இருந்தால் தேன் நிறத்தில் ஒளி ஊடுருவும். கலீனாவை லேசாகத் தட்டினால் சின்னச் சின்னக் கனசதுரங்களாக உடையும். அடர்த்தி நீரைவிட ஏழரை மடங்கு என்பதால் சிறு துண்டுகூடக் கையை இழுக்கும். படிகம் பெரிது, பிரிப்பது எளிது. குறை என்னவென்றால், படிவு திட்டுத் திட்டாகச் சிதறியிருக்கும். வெள்ளியும் பொதுவாகச் சொற்பம்.

சரி, வெள்ளிதான் வேண்டும் என்றால்? எரிமலைப் பகுதிகளின் வெடிப்பு நாளங்களைத்தான் பார்க்க வேண்டும். மெக்சிகோவின் பிரெஸ்னியோ நல்ல உதாரணம். ஆழத்திலிருந்து ஏறும் வெந்நீர் அழுத்தம் குறைந்ததும் கொதிக்கிறது. கரைந்த வாயுக்கள் பிரிய, வெள்ளி படிகிறது. மேல்மட்டத்தில் வெள்ளி செழிப்பாகவும், கீழே போகப்போக ஈயமும் துத்தநாகமும் கூடியும் வருவது அடிக்கடி காணும் ஒழுங்கு. ஆனால் நாளத்தின் அகலம் பல இடங்களில் ஓரிரு மீட்டர்தான். தரம் உயர்வு, அளவு குறைவு.

இதை வைத்து நாளங்களே வெள்ளிக்கு ராஜா என்று முடிவு கட்டக் கூடாது. உலகச் சுரங்க வெள்ளியில் வெள்ளிக்காகவே தோண்டப்படும் சுரங்கங்களின் பங்கு மூன்றில் ஒன்றுக்கும் கீழே. மீதி ஈயம், துத்தநாகம், செம்பு, தங்கச் சுரங்கங்களில் கூடவே கிடைக்கும் துணைப்பொருள். கலீனாவுக்குள் ஆன்டிமனி, பிஸ்மத்தோடு சேர்ந்தும், டெட்ராஹெட்ரைட் (செம்பும் ஆன்டிமனியும் கலந்த சல்பைடு) போன்ற நுண்கனிமங்களாகவும் வெள்ளி ஒளிந்திருக்கும்.

அப்புறம், எந்தப் பெட்டியிலும் அடங்காத, ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில். 1883-ல் சார்லஸ் ராஸ்ப் வெள்ளீயம் என்று நினைத்து உரிமம் பதிந்த இடம், மூன்று உலோகங்களும் ஒருசேரக் குவிந்த படிவாக இருந்தது. பூமிக்குள் வெப்பமும் அழுத்தமும் செய்த கடும் உருமாற்றம் அதன் பிறப்பு அடையாளங்களைக் குலைத்துவிட்டதால், அதற்கென்றே ‘புரோக்கன் ஹில் வகை’ என்று தனிப்பெயர் வைக்க வேண்டியதாயிற்று. பெரிய அளவும் வெள்ளியும் ஒன்றாக வேண்டுமானால் என் ஓட்டு அதற்குத்தான். அப்படி இன்னொன்றைத் தேடிப் பிடிப்பதுதான் பாடு.