அக்குவாவா, கொரோலா 110-ஆ? லீசிங் காரை விற்றுப் பழைய காருக்குப் போகலாமா?

லீசிங்கில் (தவணைக் கடனில்) எடுத்த ரொயோட்டா அக்குவா ஹைபிரிட் காரை விற்றுவிட்டு, மிஞ்சும் காசுக்கு ஒரு பழைய கொரோலா எடுத்தால் என்ன? யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வி வந்தவுடன் பேச்சு பெற்றோலுக்குப் போய்விடும். "அக்குவா லீற்றருக்கு இருபது ஓடும், கொரோலா பதினொன்றுதானே ஓடும், பேசாமல் விடுங்கோ அண்ணை" என்று யாராவது சொல்வார்கள். பெற்றோல் கணக்கு தேவைதான். ஆனால் அதற்கு முன்னால் காரின் மேல் எவ்வளவு கடன் நிற்கிறது என்று பார்க்கவேண்டும். என் பார்வையில் முடிவு அங்கேதான் இருக்கிறது.

முதலில் பெற்றோல். நீர்வேலியில் இருந்து யாழ் நகருக்கு வேலைக்குப் போய்வரும் ஒரு குடும்பத்தை எடுப்போம். கோயில், கலியாணவீடு எல்லாம் சேர்த்து மாதம் 800 கிலோமீற்றர் ஓடும். அக்குவாவுக்கு 40 லீற்றர், கொரோலாவுக்கு ஏறத்தாழ 73 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் வித்தியாசம் மாதம் 10,000 ரூபா.

இப்போது கடன். அக்குவாவுக்கு 25 இலட்சம் லீசிங், ஐந்து வருடம், வட்டி 14 வீதம் என்று வைத்துப் பாருங்கள். மாதத் தவணை 58,000 ரூபா அளவில் வரும். இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டினால் கிட்டத்தட்ட 14 இலட்சம் கொடுத்திருப்பீர்கள். ஆனால் கடனின் முதல் தொகையில் குறைந்திருப்பது 8 இலட்சம்தான். இன்னும் 17 இலட்சம் நிற்கும். ஆரம்ப வருடங்களில் தவணையில் பாதிக்குக் கிட்ட வட்டிக்கே போகிறது. "பாதி கட்டியாச்சு" என்று நினைத்துக்கொண்டிருக்கும் பலருக்கு மீதிக் கடனைக் காட்டும் கடிதத்தைக் கையில் வாங்கும்போதுதான் இது தெரியவரும்.

ஆகவே அக்குவாவை விற்று, அந்த 17 இலட்சத்தையும் முன்கூட்டியே முடிப்பதற்கு லீசிங் கம்பனி கேட்கும் கட்டணத்தையும் கழித்தபின், மிச்சக் காசுக்குள் ஒரு நல்ல கொரோலா அடங்குமானால் மாதம் 58,000 ரூபா விடுபடும். கூடுதல் பெற்றோலுக்கு 10,000 போகட்டும். திருத்த வேலைக்கென்று 20,000 ஒதுக்குங்கள். அதற்குப் பிறகும் 28,000 ரூபா கையில் நிற்கும். லீசிங் இருக்கும்வரை முழுக் காப்புறுதி கட்டாயம். கடனில்லாத பழைய காருக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதியோடு நிறுத்தும் தெரிவும் உண்டு. அப்படி நிறுத்தினால் கார் அடிபட்டாலோ களவு போனாலோ நட்டம் முழுக்க உங்களோடு. அதையும் யோசித்துத்தான் செய்யவேண்டும்.

பழைய கார் என்று நான் சொல்வது 110 என்ற மாதிரிக் கொரோலாவை. அதற்குப் பின் வந்த 121 கொரோலா அதைவிட நல்ல கார், மறுக்கவில்லை. ஆனால் அதன் விலை அக்குவாவின் விலையில் இருந்து பெரிதாகத் தள்ளி நிற்பதில்லை. மாற்றுவதில் மிச்சம் பிடிக்க ஒன்றும் இராது. மாருதி 800 மலிவு, பெற்றோலும் குறைவாகக் குடிக்கும். ஆனால் அதில் எயார் பாக் இல்லை. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஏ9-இல் லொறிகளுக்கும் பஸ்களுக்கும் நடுவில் ஓட அதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

பழைய காரில் யாழ்ப்பாணத்தாருக்கு இருக்கும் நம்பிக்கைக்குக் காரணம் உண்டு. 1990-களில் பொருளாதாரத் தடையில் பெற்றோல் கிடைக்காத காலத்தில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40-உம் இங்கே மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். சாமான் வராத நாட்களில் இருந்ததைக் கடைந்தும் ஒட்டியும் அந்தக் கார்களை ஓடவைத்தவர்கள் நம் கராஜ்காரர். அந்தக் கைவேலையை நினைத்தால் இன்றும் பெருமையாக இருக்கிறது. ஆனால் பெற்றோல் 110 பெரும்பாலும் இன்ஜெக்ஷன் எஞ்சின். சென்சர் போனால் சாமான் மாற்றித்தான் ஆகவேண்டும். சாமான் கிடைப்பது கஷ்டமில்லை என்பதும், சாதாரண கராஜிலேயே வேலை முடியும் என்பதும்தான் அதன் பலம்.

அக்குவாவின் பயம் ஹைபிரிட் பற்றரி. அது பின் சீற்றுக்குக் கீழே இருக்கிறது. அதைக் குளிராக்கும் காற்று சீற்றின் பக்கத்தில் உள்ள சிறு வாயால் உள்ளே போகிறது. நம் ஒழுங்கைகளின் சுண்ணாம்புத் தூசி அங்கே படிந்து ஃபில்ரரை அடைத்தால் பற்றரி சூடாகிச் சீக்கிரம் தளரும். அந்த வாயின் மேல் பையை வைத்துக்கொண்டு ஓடுபவர்களைக் கண்டால் எனக்கு மனம் பொறுக்காது. ஃபில்ரரைத் துப்புரவாக்குவது சிறிய வேலை. பற்றரி மாற்றுவது இலட்சக் கணக்கில் போகும்.

இந்தப் பயம் இருந்தும், கடன் முடிந்த அக்குவாவை விற்கவேண்டாம் என்கிறேன். பெற்றோலில் மிஞ்சும் 10,000 ரூபாவை மாதாமாதம் தனியாகப் போட்டால் மூன்று வருடத்தில் 3,60,000 ரூபா. பற்றரிச் செலவு வந்தாலும் தாங்கலாம். 2022-இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீட்டு முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர்தான் கிடைத்தது. அக்குவா அதில் 400 கிலோமீற்றர் ஓடும், கொரோலா 220. அப்படி ஒரு காலம் திரும்ப வராது என்று யாரும் எழுதித் தரமுடியாது.

ஓட்டம் கூடியவர்களுக்கும் கணக்கு மாறும். மாதம் இரண்டு தடவை கொழும்புக்குப் போய்வந்தால் அதுவே 1,600 கிலோமீற்றர். உள்ளூர் ஓட்டத்தோடு 2,400. பெற்றோல் வித்தியாசம் மாதம் 30,000-க்கு ஏறிவிடும். திருத்த வேலைக்கு 20,000 ஒதுக்கினால், விடுபட்ட 58,000-இல் மிச்சம் 8,000 மட்டுமே. அந்தக் காசுக்காக இரவில் வவுனியாவுக்கு அங்கால் பழைய காரோடு நிற்கும் ஆபத்தை எடுக்கத் தேவையில்லை. கொழும்புக்கு ரயிலில் போகலாம் என்றால் சரி, அப்போது கொரோலா மறுபடி பொருந்தும்.

110 பார்க்கப் போகும்போது எஞ்சின் ஆறிய பிறகு ரேடியேற்றர் மூடியைத் திறந்து பாருங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். கூலன்ற் விடாமல் அதையே ஊற்றி ஓடிய காரில் வெள்ளைப் படிவு காட்டிக்கொடுக்கும். அது எஞ்சின் சூடேறும் கார். தரைக் கார்ப்பெற்றைத் தூக்கிக் கறள் பாருங்கள், கடற்கரைப் பக்கமோ தீவகத்திலோ நின்ற கார் என்றால் இன்னும் கவனமாக. ரைமிங் பெல்ற் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். ஒழுங்கான பதில் இல்லாவிட்டால் வாங்கியவுடன் மாற்றுங்கள். மீற்றரை நம்பவேண்டாம். 25 வருடம் தாண்டிய காரில் அது எந்தத் தொகையையும் காட்டலாம்.

2020 மார்ச்சில் இறக்குமதி நின்றபின் பழைய கார்கள் வாங்கிய விலையைவிடக் கூட விற்றன. 2025 பெப்ரவரியில் இறக்குமதி திரும்பத் திறந்துவிட்டது. ஆகவே "வைத்திருந்தால் விலை ஏறும்" என்று தரகர் சொல்வதைக் கேட்டு 110-க்கு அதிகம் கொடுக்காதீர்கள்.

கொரோலாவுக்கு முற்பணம் கொடுப்பதற்கு முன், லீசிங் கம்பனியிடம் முடிப்புத் தொகையை எழுத்தில் வாங்குங்கள். கடன் முடிந்தபின் வாகனப் புத்தகத்தில் இருந்து கம்பனியின் பெயரை எடுக்க நாட்கள் ஆகும். அதுவரை அக்குவாவை வாங்குபவர் முழுக் காசு தரமாட்டார். வாங்கும் கொரோலா கையெழுத்து வைத்த ஓப்பின் பேப்பரில் (வாங்குபவர் பெயர் எழுதாத மாற்றுப் பத்திரத்தில்) பல கை மாறி வந்திருந்தால், புத்தகத்தில் பெயர் உள்ளவரைக் காணாமல் ஒரு சதமும் கொடுக்கவேண்டாம்.