டாப்சி படிவம்: பெற்றோரின் தன்னம்பிக்கையைச் சரியாக அளக்கிறதா?

குழந்தை வளர்ப்பு வகுப்பு முடிந்ததும் "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்தது" என்றுதான் பதில் வரும். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இங்கிலாந்தின் ஹார்ட்ஃபர்ட்ஷர் பல்கலைக்கழகத்தில் சாலி கெண்டல், லிண்டா புளூம்ஃபீல்ட் இருவரும் உருவாக்கிய டாப்சி (TOPSE, 2005) அதைவிடப் பல மடங்கு உபயோகமானது. குழந்தை வளர்ப்பில் பெற்றோருக்குத் தங்கள் மேல் எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்று அளக்க, வகுப்புக்கு முன்னும் பின்னும் அவர்களே நிரப்பும் கேள்வித்தாள் இது.

மொத்தம் 48 வாக்கியங்கள். பாசம், விளையாட்டு, கண்டிப்பு, வெளியிலிருந்து வரும் அழுத்தம் என எட்டுப் பிரிவு, பிரிவுக்கு ஆறு. ஒவ்வொன்றையும் எவ்வளவு ஒப்புக்கொள்கிறார்கள் என்பதற்கு 0 முதல் 10 வரை மதிப்பெண். ஆக, ஒரு பிரிவுக்கு அதிகபட்சம் 60. இந்தப் பிரிவுகள்தான் இதன் பலம். ஒரு அம்மா விளையாட்டில் 55, கண்டிப்பில் 28 போட்டிருந்தால், வகுப்பில் எதற்கு நேரம் ஒதுக்க வேண்டும் என்று முதல் நாளே தெரிந்துவிடும். இதே நம்பிக்கையை அளக்கும், 17 கேள்விகள் கொண்ட பழைய பி.எஸ்.ஓ.சி. (PSOC) கேள்வித்தாள் சீக்கிரம் முடியும், ஆனால் திருப்தி, திறன் என்ற இரண்டே பிரிவில் இந்த வித்தியாசம் பிடிபடாது.

கணக்குப் போடும்போது கவனம் தேவை. "என்னால் முடியவில்லை" என்ற பொருளில் வரும் எதிர்மறை வாக்கியங்களின் மதிப்பெண்ணை 10இலிருந்து கழிக்க வேண்டும்: 2 போட்டிருந்தால் 8. மறந்தால் முன்னேறியவர் பின்தங்கியவராகத் தெரிவார். விடுபட்ட பதிலை 0 என்று எழுதவே கூடாது.

இதைவிடப் பெரிய சிக்கல், வகுப்புக்குப் பிறகு மதிப்பெண் குறைவது. முதல் நாள் "கோபத்தைச் சமாளிப்பேன்" என்று தயங்காமல் 9 போட்டவர், சமாளிப்பது என்றால் என்னவென்று கற்ற பிறகு 6 போடுவார். வகுப்பு தோற்றுவிட்டதாக அர்த்தமில்லை, அவருடைய அளவுகோல் மாறியிருக்கிறது. அதனால் கடைசி நாளில், "வகுப்புக்கு முன் உங்கள் நிலை எப்படி இருந்தது என்று இப்போது நினைக்கிறீர்கள்?" என்றும் தனித் தாளில் கேட்டு வாங்குங்கள்.

பாதியில் நின்றவர்களின் முதல் படிவத்தையும் சேர்த்துச் சராசரி எடுக்காதீர்கள். ஆளுக்கொரு குறியீடு கொடுத்து, இரண்டு படிவமும் உள்ளவர்களை மட்டும் ஒப்பிடுங்கள். எத்தனை பேர் நின்றார்கள் என்பதைப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

வாசிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு 48 வாக்கியம் பாரம்தான். யாராவது படித்துக் காட்டலாம். ஆனால் அது வகுப்பு எடுத்தவராக இருக்கக் கூடாது. அவர் முகத்துக்கு நேரே யாரும் 3 போட மாட்டார்கள்.