ஆர்.டி.ஓ. ஆபீஸில் பராமரிப்பு மனு: அத்தையோடு போய் வந்த அனுபவம்

போன வருஷம் என் அத்தைக்காக முதியோர் பராமரிப்புத் தீர்ப்பாயத்தில் மனு போட்டோம். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ.தான் அதை நடத்துகிறார், விசாரணையும் அவர் ஆபீஸிலேயே. 2007ஆம் வருஷத்துப் பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டப்படி, சொந்த வருமானத்தில் வாழ முடியாத பெற்றோர் மகன், மகள் மீது மட்டுமல்ல, வயது வந்த பேரப்பிள்ளைகள் மீதும் மனு போடலாம்.

நல்ல விஷயம் முதலில். வக்கீல் இல்லாமலே நடத்தும்படி எழுதப்பட்ட சட்டம் இது. அத்தை சொல்லச் சொல்ல நான் எழுதினேன், அவர் கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான்.

ஆபீஸ் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலியோடு 71 வயதுக்காரர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் படியேறினார், அதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு ஆத்திரமாக வந்தது. நோட்டீஸ் கொடுத்த 90 நாளில், மிஞ்சினால் இன்னும் 30 நாளில் முடிக்க வேண்டியது எங்களுக்கு ஏழு மாதம் இழுத்தது.

என்னை அதிகம் வருத்தியது சமரசப் பேச்சுதான். "பெத்த புள்ளைங்கதானேம்மா, பெரியவரு வூட்டுக்கே போயிருங்க" என்று மூன்று தடவை சொன்னார்கள். மகன்கள் கைவிட்டதால் வந்திருக்கிறார் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் பெரியவன் வீட்டில் இரண்டு வருஷம் இருந்து, பேசுவாரில்லாமல் தானே வெளியே வந்தவர் அத்தை. "எனக்கு எங்க வூட்லயே இருக்கோணுங்க, அரிசிக்கும் மாத்திரைக்கும் காசு வந்தாப் போதுங்க" என்று கடைசி வாய்தாவில் சத்தமாகவே சொல்லிவிட்டார், அதற்கப்புறம்தான் பேச்சு பணத்துக்கு வந்தது.

எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. வளர்ந்த பிள்ளைகள் வந்து பார்ப்பதும் பேசுவதும் அவரவர் மனம், அதில் அரசாங்கம் தலையிடக் கூடாது. அம்மாவுக்கும் அதே உரிமை உண்டு, மகன் வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை என்றால் இருக்க வேண்டாம். சோறும் மருந்தும் மட்டும் யார் விருப்பத்துக்கும் விட முடியாது. சட்டமும் பணத்தைத்தான் கேட்கிறது, பாசத்தைக் கேட்கவில்லை. உறவைச் சேர்த்து வைக்கிறேன் என்று அந்த ஆபீஸ் எங்கள் வாய்தாக்களை வீணாக்கியிருக்க வேண்டாம்.

ஆளுக்கு மாதம் 4,000 ரூபாய் என்று உத்தரவானது. மொத்தமாக 10,000க்கு மேல் போட முடியாது என்பது 2007இல் வைத்த வரம்பு, இன்றைய மருந்து விலைக்கு அது பத்தாது. பெரியவன் ஒன்றாம் தேதியே பணம் போட்டுவிடுகிறான், ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. சின்னவன் இரண்டு மாதம் பாக்கி. வாரண்ட் போட்டு ஒரு மாதம் வரை உள்ளே வைக்கவும் வழியிருக்கிறது, ஆனால் அவன் ஞாயிற்றுக்கிழமை வந்து தண்ணீர்க் குடம் தூக்கி வைத்துவிட்டுப் போகிறானாம், அதனால் அத்தை சம்மதிக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

போகிறவர்கள் ஆதார், மாத்திரை பில், பேங்க் பாஸ்புக் நகல் இரண்டு செட் எடுத்துப் போங்கள். வீட்டை எழுதிக் கொடுத்திருந்தால் செட்டில்மென்ட் பத்திர நகலும் வேண்டும், பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருந்தால் 23வது பிரிவில் ரத்து கேட்பது சுலபம். சந்தேகம் என்றால் முதியோர் உதவி எண் 14567க்குப் போன் பண்ணலாம். காலை 10 மணிக்கு வரச் சொன்னாலும் மத்தியானம் தாண்டித்தான் கூப்பிடுவார்கள், பெரியவர்களுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.