ராணுவத் தரம் என்று விற்கிற சுமைப்பை: வாங்கலாமா?

பை நல்ல பை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே நான் திட்டப்போவது பெரும்பாலும் பையை அல்ல, பைக்குள் மடித்து வைத்திருந்த பயிற்சிக் கையேட்டை.

20 லிட்டர் கொள்ளும் முதுகுப்பை இது. முதுகை ஒட்டினாற்போல ஒரு தனி அறை, அதில் இரும்புத் தகடு செருகிக்கொள்ளலாம். தகடுகள் இரண்டு: ஒன்று 5 கிலோ, இன்னொன்று 10 கிலோ. வெறும் பையே 2 கிலோ இருக்கும். எடையை மாட்டிக்கொண்டு வேகமாக நடப்பதுதான் பயிற்சி. ரக்கிங் என்கிறார்கள். ஓடினால் முழங்கால் பேசுகிறவர்களுக்கும், ஜிம் என்றாலே சலிப்பு வருகிறவர்களுக்கும் இது தோது. நான் இரண்டிலும் சேர்த்தி. கணக்கு எழுதுகிற உத்தியோகம், நாளெல்லாம் நாற்காலி, உடல் எடை 58 கிலோ. அண்ணன் காலாட்படையிலிருந்து ஓய்வு பெற்றவர். பெட்டி வந்ததும் அவரைத்தான் கூப்பிட்டேன்.

அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் "ராணுவத் தரம்" என்று போட்டிருந்தது. அண்ணன் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "எந்த ராணுவம்னு போடலையேம்மா" என்றார்.

அவர் கேட்டதில் விஷயம் இருக்கிறது. இப்படி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் மில்-எஸ்டிடி-810 என்ற சோதனை முறையை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறார்கள். 1962 முதல் இருக்கிறது அது. வெயில், மழை, தூசு, அதிர்வு, உயரத்திலிருந்து விழுவது என்று ஒரு பொருளை எப்படியெல்லாம் வதைத்துப் பார்க்கலாம் என்று விவரிக்கும் ஆவணம். ஆனால் "இந்தப் பை தேறிவிட்டது" என்று முத்திரை குத்திக் கொடுக்கிற அலுவலகம் எதுவும் அதற்குக் கிடையாது. எந்தச் சோதனையைச் செய்வது, எவ்வளவு கடுமையாகச் செய்வது என்பதெல்லாம் செய்கிறவர் கையில். ஆக, பெட்டியில் அந்தச் சொல்லைப் பார்த்து மயங்க ஒன்றுமில்லை. துணியைப் பாருங்கள்.

துணி 1000 டெனியர் நைலான். 9000 மீட்டர் நூலை நிறுத்தால் 1000 கிராம் வரும் என்பது அதன் அர்த்தம். சாதாரணப் பள்ளிப் பைகளில் இதைவிட மெல்லிய நூல்தான். சுவரில் உரசினேன், கருங்கல் படியில் இழுத்தேன், ஒரு இழைகூடப் பிரியவில்லை. தோளில் மாட்டும் பட்டை பையோடு சேருகிற இடத்தில் சதுரம் போட்டு, உள்ளே குறுக்குப் பெருக்கலாகத் தைத்திருக்கிறார்கள். எடை முழுக்கத் தொங்குவது அங்கேதான் என்பதால் அந்தத் தையல் அவசியம். இதே முரட்டுத் துணி சட்டையின் கீழ்முதுகுப் பகுதியைத் தேய்த்துப் பஞ்சு பஞ்சாக்கிவிடும். நல்ல சட்டையோடு போகாதீர்கள்.

தகடு உட்காரும் இடத்தை நன்றாக யோசித்திருக்கிறார்கள். தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே, உயரத்தில், முதுகோடு ஒட்டி நிற்கிறது. எடை முதுகைவிட்டு விலக விலக உடம்பு முன்னால் குனிந்து ஈடுகட்டும், இடுப்பு நோகும். சாதாரணப் பையில் அரிசி மூட்டையையோ தண்ணீர் பாட்டிலையோ போட்டு நடந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். எடை அடியில் போய்த் தேங்கி ஒவ்வொரு அடிக்கும் ஆடும். இதில் அந்த ஆட்டம் இல்லை. சமதளத்தில் எடை உயரத்தில் இருந்தால் செலவாகும் சக்தி குறைவு. கரடுமுரடான பாதையில் மட்டும் சற்றுக் கீழே இறங்கி இருந்தால் தடுமாற்றம் குறையும். அதற்காக அறைக்குள் இரண்டு நிலைகளில் பொருத்த வசதி வைத்திருக்கலாம், வைக்கவில்லை.

இனி தோளில் மாட்டும் பட்டைக்கு வருகிறேன். என் மனக்குறை இங்கேதான்.

பட்டை அகலமானது, உள்ளே கெட்டியான மெத்தை. ஆனால் வளைவே இல்லாமல் நேராக இறங்குகிறது. அகன்ற தோள் உள்ள ஆணுக்கு அது பொருந்தும். என் தோளுக்கு அது கழுத்தின் அடிப்பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. 5 கிலோவில் அது வெறும் தொந்தரவு. 10 கிலோ தகட்டை மாட்டிக் கொஞ்ச நேரம் நடந்தால் இடது கையில் சுண்டுவிரல் மரக்க ஆரம்பித்தது. அண்ணனிடம் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. "பையைக் கழட்டு முதல்ல" என்றார்.

படைகளில் இது பழகிய பிரச்சினை. ரக்சாக் பால்சி என்றே இதற்குப் பெயர் உண்டு. கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புக் கொத்து தோளில் பட்டையின் அடியில் நசுங்குகிறது. மரப்பில் தொடங்கும், கவனிக்காமல் நடந்தால் கையைத் தூக்க முடியாத நிலைக்குக்கூடப் போகும், சரியாக வாரங்கள், மாதங்கள் ஆகலாம். சட்டகமும் இடுப்புப் பட்டையும் உள்ள பைகளில் இது வெகுவாகக் குறைகிறது. சுமையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இடுப்பு வாங்கிக்கொள்கிறது என்பதுதான் காரணம்.

அவ்வளவு முக்கியமான இடுப்புப் பட்டையை இந்த நிறுவனம் தனியாக விற்கிறது! கொக்கி போட வளையம் மட்டும் பையில் இருக்கிறது. 10 கிலோவும் அதற்கு மேலும் தூக்கச் சொல்லும் ஒரு பையில் இடுப்புப் பட்டை அலங்காரப் பொருளா? எனக்கு ஆத்திரமாக வந்தது. பிறகு வாங்கிப் பொருத்தினேன். மரப்பு நின்றது, தோளும் இளகியது. இடுப்புப் பட்டையைச் சேர்த்துத்தான் இந்தப் பையை மதிப்பிட வேண்டும், அது இல்லாமல் 5 கிலோவுக்கு மேல் யாருக்கும் நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

மார்புப் பட்டையின் பிளாஸ்டிக் பக்கிள் விரிசல் விட்டது. புகைப்படம் அனுப்பினேன், கேள்வி கேட்காமல் புதிதாக அனுப்பினார்கள். ஜிப் சரியாக இருக்கிறது. முதுகில் காற்றுப்போக இடமில்லை, வியர்வை ஊறும். தகட்டின் ஓரம் மழுங்கலாக இருப்பது நல்லது, பூச்சு மட்டும் உதிர்கிறது.

இப்போது அந்தக் கையேடு. "முப்பது நாளில் ராணுவ உடல்" என்று தலைப்பு. முதல் நாளே 10 கிலோ. இரண்டாம் வாரம் 15. கடைசி வாரம் வீட்டிலிருக்கும் எதையாவது சேர்த்து 20 கிலோவாக்கச் சொல்கிறது. யாருக்கு? எல்லோருக்கும். வயது கேட்கவில்லை, எடை கேட்கவில்லை, முதுகுவலி உண்டா என்று கேட்கவில்லை.

20 கிலோ என்பது என் எடையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுகிறது. அமெரிக்கத் தரைப்படையின் நடை அணிவகுப்புக் கையேடு, சண்டைக்குப் போகும் வீரனின் சுமையே உடல் எடையில் 30 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்று அறிவுறுத்தியிருக்கிறது. அதாவது சம்பளம் வாங்கிக்கொண்டு அதற்கென்றே பயிற்சி பெற்ற ஆளுக்குச் சொன்ன அளவை, சாயங்காலம் ஒரு நடை போகலாம் என்று பை வாங்கியவளுக்கு மிஞ்சச் சொல்கிறார்கள்.

படைகளின் அளவுகோல் லேசானது என்று இதற்குப் பொருள் இல்லை. பிரிட்டிஷ் தரைப்படை 2019-இல் கொண்டுவந்த பணிசார் தேர்வில், நேரடிச் சண்டைப் பிரிவுக்கு 40 கிலோ சுமந்து 4 கிலோமீட்டரை 50 நிமிடத்துக்குள் கடக்க வேண்டும். உடனே சுமையை 25 கிலோவாகக் குறைத்து 2 கிலோமீட்டரை 15 நிமிடத்தில் முடிக்க வேண்டும், அது நடையல்ல, ஓட்டம்தான். ஆணா பெண்ணா, இருபதா நாற்பதா என்று அந்தத் தேர்வு பார்ப்பதில்லை. வேலை கேட்கிற அளவு அது. அமெரிக்கக் காலாட்படையில் சிறப்புத் திறன் பதக்கத்துக்கு 35 பவுண்டு, அதாவது 16 கிலோ சுமையோடு 12 மைலை மூன்று மணி நேரத்தில் நடக்க வேண்டும். நெதர்லாந்தில் நைமேகன் நகரின் நான்கு நாள் நடையில் கலந்துகொள்ளும் படைவீரர்கள் குறைந்தது 10 கிலோவோடு தினம் 40 கிலோமீட்டர் போகிறார்கள். ரோமானியப் படையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கே ஏறக்குறைய 20 கிலோ கட்டித்தான் நடக்கப் பழக்கினார்கள்.

இவ்வளவு அனுபவம் இருந்தும் படைகளில் ஆட்கள் உடைகிறார்கள். பாதத்தின் நீள எலும்புகளில் வரும் மயிரிழை முறிவை 1855-இல் பிரஷ்யப் படை மருத்துவர் ஒருவர்தான் முதலில் விவரித்தார், அணிவகுத்து நடந்த சிப்பாய்களின் வீங்கிய கால்களைப் பார்த்து. இன்றும் அதற்கு மார்ச் முறிவு, அதாவது அணிநடை முறிவு என்றுதான் பேர். தசை சில வாரத்தில் தேறிவிடும், மூச்சு அதைவிடச் சீக்கிரம் தேறும், எலும்பு மெதுவாகத்தான் தன்னைக் கட்டிக்கொள்ளும். அந்த இடைவெளியில்தான் முறிகிறது. மூன்றாவது வாரம் "நல்லா இருக்கேனே, இன்னும் ஏத்தலாமே" என்று தோன்றும் பாருங்கள், அங்கேதான் அபாயம். கையேடு சரியாக அதை அடுத்துத்தான் எடையை 20 கிலோவாக ஏற்றுகிறது.

அண்ணன் அதைப் படித்துவிட்டுச் சொன்னதை அப்படியே தருகிறேன். "அங்க ஒருத்தன் நொண்டினா பயிற்சி கொடுக்கிறவன் கண்ணுல பட்டுரும். டாக்டர் பார்த்து, ரெண்டு வாரம் லேசான வேலைன்னு சீட்டு எழுதிக் கொடுத்துருவார். என்ன சாப்பிடணும், எப்போ தூங்கணும்னு எல்லாத்தையும் வேற யாரோ பார்த்துப்பாங்க. உனக்கு யாரும்மா இருக்கா? சிப்பாயும் நீதான், வாத்தியாரும் நீதான், டாக்டர்கிட்டப் போகணுமான்னு முடிவு பண்றவளும் நீதான்."

இன்னொன்றும் சொன்னார். ராணுவத் தேர்வு என்பது தேறுவதற்கான குறைந்தபட்ச வரம்பு, அந்த நாளில் அதைத் தாண்டினால் போதும். தேர்வுக்கு முந்தைய மாதம் மட்டும் ஓடி, முடிந்த மறுநாளே சிகரெட்டைப் பற்றவைத்த ஆட்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். ஓய்வு பெற்ற சில வருடத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமுமாக வந்து நிற்பவர்களில் அவர்களும் உண்டு. வெளியிலிருந்து அடிக்கும் விசில் நின்றதும் நடையும் நின்றுவிடுகிறது. அதனால்தான் எனக்கு இந்த முப்பது நாள் வியாபாரமே பிடிக்கவில்லை. முப்பத்தோராம் நாளைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

கையேட்டை ஓரம்கட்டிவிட்டு நான் செய்வது இதுதான். 5 கிலோ தகடு மட்டும். பையோடு சேர்த்து 7, என் எடையில் எட்டில் ஒரு பங்கு. வாரத்தில் இரண்டு நடைக்குத்தான் பை, மற்றதெல்லாம் கைவீசி நடப்பது. எடை, தூரம், வேகம் மூன்றில் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் கூட்டுவேன். பேசிக்கொண்டே நடக்க முடியாவிட்டால் வேகத்தைக் குறைப்பேன். பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும், இரண்டு நாளாவது தசைக்கு வேலை வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முதலாவதைப் பெரும்பாலும் நடையிலேயே முடித்துவிடலாம். இரண்டாவதைப் பையே முழுதாகச் செய்துவிடும் என்று நம்பாதீர்கள். கால், முதுகுக்குச் சரி, கைக்கும் மார்புக்கும் தரையில் நாலு தண்டால் எடுக்கத்தான் வேண்டும்.

காலணியில் கனம் வேண்டாம். முதுகில் ஏற்றும் ஒரு கிலோவைவிடப் பாதத்தில் ஏற்றும் ஒரு கிலோ பல மடங்கு சக்தியைத் தின்னும். "ராணுவ பூட்ஸ்" என்று இதே நிறுவனம் விற்கிறது, பக்கத்திலேயே போகாதீர்கள். காலுறை ஈரமானால் கொப்புளம் வரும், மாற்று ஜோடி ஒன்று பையிலேயே இருக்கட்டும்.

கழுத்து எலும்புத் தேய்மானம், டிஸ்க் தொல்லை, எலும்பு மெலிவு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், இதய நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் வாங்க வேண்டாம். வளரும் பிள்ளைகளுக்கு இது விளையாட்டுப் பொருள் அல்ல.

மற்றவர்களுக்கு ஐந்துக்கு நான்கு தருவேன், அதுவும் இடுப்புப் பட்டையோடு வாங்கினால். இல்லாவிட்டால் இரண்டரை. குறுகிய தோள் உள்ளவர்கள், முக்கியமாகப் பெண்கள், மாற்றித் தருவார்களா என்று கேட்டுக்கொண்டு ஆர்டர் போடுங்கள், ஏனென்றால் பட்டையில் ஒரே அளவுதான் வருகிறது. தகடு இரண்டையும் சேர்த்து வாங்கினால் தள்ளுபடி என்று காட்டுவார்கள். 5 கிலோவை மட்டும் வாங்குங்கள். 10 கிலோவை அடுத்த வருடம் தேவைப்பட்டால் வாங்கிக்கொள்ளலாம், என்னுடையது இப்போதைக்கு அலமாரியில் கோப்புகள் சரியாமல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.