தகவல் கோரிக்கையா, திறந்த அரசாங்கப் பங்காண்மைக்கு முறைப்பாடா?

தோட்டப் பாதைக்கு ஒதுக்கிய பணத்தைக் கேட்க எந்த வழி?

யார்: தகவல் கோரிக்கையை எந்தப் பிரஜையும் தமிழிலேயே கொடுக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. திறந்த அரசாங்கப் பங்காண்மை என்பது வெளிப்படையான ஆட்சிக்காக நாடுகள் சேர்ந்த சர்வதேச அமைப்பு; இலங்கை 2015இல் சேர்ந்தது. அதற்குத் தனியாள் முறைப்பாடு எழுத முடியாது. அதில் ஈடுபட்ட சிவில் அமைப்பு, ஊடகம் போன்றவை எழுதலாம்.

காலம்: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கோரிக்கைக்கு 14 வேலைநாளுக்குள் முடிவு. அது தவறினால் 14 நாளுக்குள் மேன்முறையீடு, அடுத்து தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. கையளித்ததும் பற்றுச்சீட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் நாள் கணக்கை நிரூபிக்க முடியாது. பங்காண்மையின் விசாரணை மெதுவானது.

“பாதை ஏன் போடவில்லை?” என்று கேட்டால் மழுப்பல்தான் வரும். மதிப்பீடு, கொடுப்பனவு வவுச்சர் ஆகியவற்றின் பிரதியைக் கேளுங்கள்.

ஒரு பிரதேச சபையின் கணக்குக்குக் கோரிக்கையே போதும். நாடு முழுக்கச் சிவில் வெளி, அதாவது மக்கள் அமைப்புகளும் ஊடகங்களும் சுதந்திரமாக இயங்கும் இடம், நசுக்கப்பட்டால் அமைப்பொன்றின் ஊடாகப் பங்காண்மைக்கு எழுதுங்கள்.