ஆபீஸ் ஃபேஸ்புக் பேஜ் பாத்துக்கிறவங்க கொஞ்சம் இத படிங்க

கம்பெனி ஃபேஸ்புக் பேஜ் என் பொறுப்புலதான் இருந்துச்சு. இப்ப இல்ல, திருடன் கையில இருக்கு.

போன மாசம் பேஜ் இன்பாக்ஸ்ல ஒரு மெசேஜ், உங்க வீடியோ காப்பிரைட் விதிய மீறுது, 24 மணி நேரத்துல அப்பீல் பண்ணலன்னா பேஜ தூக்கிடுவோம்னு. முந்தின நாள்தான் ஒரு வீடியோல பாட்டு சேத்திருந்தேன், போச்சுடான்னு கை காலே ஓடல, மேனேஜருக்குத் தெரியுறதுக்குள்ள முடிச்சிடுவோம்னு லிங்க்க அமுக்கிட்டேன். போன்ல பாத்ததால மேல அட்ரஸ் பாதிதான் தெரிஞ்சுது, மொத பாதி ஒழுங்காதான் இருந்துச்சு. பாஸ்வேர்ட் போட்டேன், லாகினுக்கு போன் ஆப்ல வர்ற 6 இலக்க கோடு கேட்டான், அதையும் போட்டேன். தப்பான கோடுன்னு வந்துச்சு, சரின்னு அடுத்த கோடையும் போட்டேன் பாருங்க, அங்கதான் என் புத்திசாலித்தனம்.

அந்தக் கோடு 30 செகண்டுக்கு ஒருதடவ மாறிடும், திருடி என்ன பண்ணப் போறான்னு நெனச்சிருந்தேன். நாம போலிப் பக்கத்துல அடிக்க அடிக்க அவன் அதை அப்படியே அசல் சைட்ல போட்டுட்டா 30 செகண்டே தாராளம். 2020 ஜூலைல ட்விட்டர்லயும் கிட்டத்தட்ட இதே கதைதான், ஐடி டீம்னு சொல்லி ஊழியர்களுக்கு போன் பண்ணி போலி லாகின் பக்கத்துல போட வெச்சு, ஒபாமா, பில் கேட்ஸ் அக்கவுண்ட் உட்பட 130 அக்கவுண்ட்ல கை வெச்சானுங்க. அவங்களுக்கே அப்படின்னா நான் எந்த மூலைக்கு.

கொஞ்ச நேரத்துல என்னை அட்மின்லேர்ந்து தூக்கிட்டான். என் சொந்த ப்ரொஃபைல்தான் ஒரே அட்மின், கம்பெனி கார்டும் விளம்பர அக்கவுண்ட்லயே கெடந்துச்சு. பயத்துல ராத்திரி முழுக்க யார்கிட்டயும் சொல்லல, காலைல கார்ட பிளாக் பண்றதுக்குள்ள ஏதேதோ விளம்பரம் ஓட்டி வழிச்செடுத்துட்டான். லிங்க்க அமுக்கினது கூட போகட்டும்ங்க, அந்த ராத்திரி வாய மூடிட்டு இருந்தேன் பாருங்க, அதான் ஆறல.

உங்க பேஜ்ல அட்மின் யார் யாருன்னு இன்னிக்கே பாருங்க, வேலைய விட்டுப் போனவங்க இருந்தா எடுங்க, நம்பிக்கையான இன்னொருத்தர சேருங்க. கார்டுக்கு லிமிட் வைங்க. முடிஞ்சா பாஸ்கீக்கு, அதாவது பாஸ்வேர்டுக்குப் பதிலா கைரேகையோ போன் லாக்கோ வெச்சு லாகின் பண்ற முறைக்கு மாறிடுங்க, அது அசல் அட்ரஸ்ல மட்டும்தான் வேல செய்யும், போலிப் பக்கத்துல நாமளே ஏமாந்தாலும் அது ஏமாறாது.

சப்போர்ட்டுக்கு எத்தன தடவ எழுதினாலும் ஒரே ரெடிமேட் பதில்தான் வருது. நேத்து பாத்தா பேஜ் பேர மாத்தி வாட்ச் வித்துட்டு இருக்கானுங்க, ஃபாலோ பண்ணவங்க எல்லாம் அப்படியே இருக்காங்க, அதுல ரெண்டு பேரு வெல வேற கேட்டிருக்காங்க.